பலமனேர் பஸ் ஸ்டாண்டுக்கு நாலு நாள்

எங்க ஊரு நகரி. அங்க காலைல பஸ் ஏறுனா மத்தியானம் சோத்துக்கு பலமனேர்ல இருக்கலாம். நாங்க நாலு நாள் எடுத்துகினோம். பாதி ஊரு சுத்துற ஆச. பாதி என் பயம்.

எங்க நைனா புடவ வியாபாரம். நகரில மிசின் தறி ஷெட்டுங்கள்ல புடவைய வாங்கி, மூட்ட கட்டி தோள்ல போட்டுகினு, சித்தூர் பக்கம் பூரா பஸ்லயே சுத்துவாரு. போன வருஷம் பலமனேர் பஸ் ஸ்டாண்டுல பெஞ்சு மேல குந்திகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. நெஞ்சு வலி. யாரோ அவரு போன்லருந்தே எங்களுக்கு பண்ணாங்க. ஆம்பள குரலு. "இவரு உங்க ஆளாம்மா?"ன்னு தெலுங்குல கேட்டுச்சு. எங்களுக்கு தெரிஞ்சது அவ்ளோதான்.

சாவுக்கு வந்த அத்த, நைனாவுக்கு கூடப்பொறந்த அக்கா, பொணத்து மேல உழுந்து அழுதுச்சு. "பொண்டாட்டி கீறா, பொண்ணு கீது, ஒரு வாய் தண்ணி ஊத்த ஆளில்லாம பூட்டியேடா தம்பி." அன்னிக்கு சொன்னா பரவால்ல. பதினோரு மாசமா சொல்லிகினே கீது. சோறு துன்னும்போது சொல்லும், டிவி பாக்கும்போது சொல்லும். எங்க பக்கம் உசுரு போற நேரத்துல வாயில பாலு, இல்லனா தண்ணி ஊத்தணும். அது இல்லாம போனவங்க தாகத்தோடவே போறாங்கன்னு சொல்லுவாங்க. நான் சொம்புல கை வெச்சாலே அந்த பேச்சு காதுல வந்துடும். பாதி சொம்புலயே கீழ வெச்சுடுவேன்.

அதுக்குதான் எனக்கு பலமனேர் போவணும். அந்த பஸ் ஸ்டாண்டுல யாராவது எங்க நைனாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தாங்களான்னு கேக்கணும். அவ்ளோதான் கேள்வி.

தனியா போவ தெம்பு இல்ல. அப்போதான் மோனிஷா பேக்பேக் பேச்ச எடுத்தா. மோனிஷா என்கூட எட்டாவது வரைக்கும் படிச்சவ. நான் நின்னுட்டேன், அவ மேல படிச்சு ஸ்ரீசிட்டில போன் பார்ட்ஸ் செய்யற கம்பெனிக்கு போயிகினு கீறா. வெள்ளக்கார பசங்க முதுகுல பெரிய பைய மாட்டிகினு தாய்லாந்து, இலங்கைன்னு சுத்துற வீடியோவ எந்நேரமும் பாப்பா. "நம்பளும் போலாம்டி"ன்னா.

"பாஸ்போட்டு?"ன்னேன்.

"ஆதார் கார்டு போதும்மே. பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீ. அருவி கீது, மல கீது, மழ கீது. தாய்லாந்துல மட்டும் இன்னா தனியா கீது?"

மூணாவது ஆளு ரேவதி. என்கூட ஷெட்டுல நூல் சுத்துறவ. அவ வந்தா சிரிப்புக்கு பஞ்சமில்ல. மோனிஷா தம்பிக்கு ஸ்கூல்ல குடுத்த பை ஒன்னு, ரேவதி வூட்டுல ஒன்னு, நைனா வாங்கி வெச்சு மாட்டாமலே உட்ட பை ஒன்னு. அவருக்கு மூட்டதான் சரிப்பட்டுச்சு. ஆளுக்கு ரெண்டு துணி, ஒரு துண்டு, பொதுவா ஒரு ஊறுகா பாட்டலு. ஏறிட்டோம்.

மொத பஸ்லயே வம்பு. கண்டக்டரு எங்க ரெண்டு பேரு ஆதாரையும் பாத்து சும்மா டிக்கெட் கிழிச்சு குடுத்தாரு. ரேவதியோடத திருப்பி திருப்பி பாத்தாரு. அவ வூடு பள்ளிப்பட்டு பக்கம். தமிழ்நாடு.

"இது செல்லாதும்மா, டிக்கெட் எடு."

"சார், எங்க வூட்டாண்ட நின்னு கல்லு உட்டா உங்க ஆந்திராலதான் சார் உழும்."

"அப்போ கல்லு ஃப்ரீயா வரட்டும். நீ டிக்கெட் எடு."

பஸ்ஸே சிரிச்சுச்சு. அதுக்கப்பால எந்த பஸ் ஏறுனாலும் அவள "ஃபாரினரு"ன்னுதான் கூப்ட்டோம். "ஃபாரினர் மேடம், டிக்கெட் எடுங்க."

ஒன்னு சொல்லணும். நாங்க நகரிக்காருங்க பேசினா அடுத்தவங்களுக்கு சண்ட மாதிரி இருக்கும். பொறந்ததுலருந்து தறி சத்தத்துல பேசி பேசி தொண்ட அப்படி ஆயிடுச்சு. புத்தூர் தாண்டறதுக்குள்ள பின்னாடி சீட்டு அம்மா முதுகுல தட்டி, "ஏம்மா பொண்ணுங்களா, இன்னா தகராறு? நான் பைசல் பண்ணவா?"ன்னு தெலுங்குல கேட்டாங்க. ஜன்னல் சீட்டுல யாரு குந்தறதுன்னுதான் பேசிகினு இருந்தோம். அந்தம்மாவே ஜன்னலாண்ட போய் குந்திகினாங்க. பைசல் ஆயிடுச்சு.

திருப்பதில எறங்குனா ஊரே மொட்ட. எல்லாரும் மேலருந்து எறங்கறாங்க, இல்லனா மேல போறாங்க. நாங்க மூணு பேரு மட்டும் கீழயே சுத்திகினு இருந்தோம். நைனா செத்து வருஷம் திரும்பல, அதுவரைக்கும் நான் மல ஏறக்கூடாது. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கடி, நான் பைய பாத்துக்கறேன்"ன்னேன்.

"சாமி இன்னா பஸ் புடிச்சு ஓடிட போதா? அடுத்த வருஷம் வரோம்னு சொல்லு"ன்னு ரேவதி சொல்லிட்டு போண்டா கடைக்கு இழுத்துகினு போனா. வேர்க்கடல சட்னில ஊற வெச்ச போண்டா. நகரில போண்டான்னா உள்ள கல்லு மாதிரி இருக்கும். இது பஞ்சு. மோனிஷா ஆறு துன்னுட்டு, "எண்ணாதீங்கடி"ன்னா.

துன்னுட்டு அலிபிரி வரைக்கும் நடந்தோம். மலைக்கு போற படி ஆரம்பிக்கற எடத்துல ரோட்டுக்கு இந்தாண்டையே நின்னேன். சின்னதுல நைனா என்ன அந்த படில இட்டுகினு போயிருக்காரு. கால் வலிக்குதுன்னு நான் குந்திகினா ஒன்னும் சொல்லமாட்டாரு, திட்டமாட்டாரு. மூட்டைய தூக்கற மாதிரி தோள்ல போட்டுகினு ஏறுவாரு. தல கீழ, காலு மேல. நான் பாத்தது பூரா வந்த வழிதான், படி படியா கீழ போயிகினே இருக்கும். மேல போனப்போ சாமிய பாத்தது ஞாபகமில்ல. அவரு முதுகு வேர்வ வாசன ஞாபகம் கீது. புதுப்புடவ கஞ்சி வாசனையும் வேர்வையும் கலந்து வரும்.

அன்னிக்கு மோனிஷா கூட வேல செய்யற பொண்ணு ரூம்ல படுத்தோம். தறி சத்தம் இல்லாம எனக்கும் ரேவதிக்கும் தூக்கமே வரல. ஃபேன ஸ்பீடா வெச்சோம். அதுல ஒரு தகரம் ஆடி டக்கு டக்குனு சத்தம் வந்துச்சு. அப்பால தூங்கினோம்.

ரெண்டாம் நாளு தலகோனா அருவி. பஸ்ல பாதி, அப்பால ஆட்டோல பாதி. ஆட்டோல நாங்க மூணு பேரு, ஒரு தாத்தா, ரெண்டு கோழி. கோழி ரேவதி மடில குந்திகினு வந்துச்சு. "இதுக்கு டிக்கெட் உண்டா?"ன்னு கேட்டா. தாத்தா, "அதுங்களுக்கு ஆதாரு இல்ல, ஆனா லோக்கலு"ன்னாரு.

காடு நல்ல பச்ச. நகரில பச்சன்னா புடவ பார்டருலதான் பாக்கணும். அருவிகிட்ட போறதுக்குள்ள கொரங்கு ஒன்னு மோனிஷா பைலருந்து ஊறுகா பாட்டல தூக்கிகினு போய், தெறந்து, ஒரு வெரல வெச்சு நக்கி, எங்களையே மொறச்சு பாத்துச்சு. எங்கம்மா போட்ட ஊறுகா. காரம் அப்படி. பாட்டல தூக்கி எறிஞ்சிட்டு தண்ணிக்கு ஓடுச்சு. நாங்களும் தண்ணிக்கு ஓடுனோம்.

அருவில நின்னப்போ தண்ணி தலைல அடிக்கற சத்தம் தறி சத்தம் மாதிரியே இருந்துச்சு. அதுல நின்னு அழுதா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். ரேவதி என் தோள்ல கைய போட்டுகினா. தெரிஞ்சிருக்கு.

மத்தியானம் ஒரு அக்கா கடைல ராகி களியும் நாட்டுக்கோழி கொழம்பும். அந்த களிய துன்னும்போது நைனா கொண்டாந்த பண்டமெல்லாம் சொல்லிகினு இருந்தேன். எங்களுக்கு ஊருங்க தெரிஞ்சதே துன்ற பண்டத்துலதான். வெதுருகுப்பம்னா வெல்லம். சித்தூர்னா மாம்பழம். பலமனேர்னா தக்காளியும் பால்கோவாவும். எந்த ஊரு போனாருன்னு அவரு சொல்லமாட்டாரு. பைய பிரிச்சா தெரியும்.

"உங்க நைனா இன்னாதான்டி பேசுவாரு?"ன்னு மோனிஷா கேட்டா.

"சோறு கீதா. கதவ சாத்து. லைட்ட நிறுத்து."

"அவ்ளோதானா?"

"மாத்திர போட்டியா. அது எனக்கு ஜொரம் வந்தா."

ராத்திரி திருப்பதிக்கே திரும்பிட்டோம். மூணாம் நாளு பலமனேர் போறதுன்னுதான் பேச்சு. மோனிஷாவுக்கு அடுத்த நாளு லீவு முடியுது. திருப்பதி பஸ் ஸ்டாண்டுல அவ போன் பாத்துகினு இருந்தா, ரேவதிக்கு தெலுங்கு படிக்க வராது. ஒரு பஸ் வந்து நின்னுச்சு. போர்டுல வெதுருகுப்பம்னு போட்டிருந்துச்சு. எனக்கு படிக்க தெரியும். படிச்சேன். "இதானாடி?"ன்னு மோனிஷா கேட்டப்போ "ம்"ன்னு ஏறி, டிக்கெட்டையும் நானே வாங்கிட்டேன்.

பயம்தான். பலமனேர்ல எவனும் தண்ணி குடுக்கலன்னு சொல்லிட்டா, அத்த சொன்னது நெசம் ஆயிடும். கேக்காத வரைக்கும் அது அத்த பேச்சு மட்டும்தான்.

வெதுருகுப்பத்துல எறங்குனப்போ மோனிஷா என்ன பாத்த பார்வ இருக்கே. "இதுதான் பலமனேரா? தக்காளி மார்க்கெட் எங்கடி?" சுத்தி கரும்பு. நான் உண்மைய சொன்னேன். திட்டுவான்னு பாத்தேன். "சரி, வெல்லமாவது துன்னலாம் வா"ன்னு பைய மாட்டிகினா.

ரோட்டோரம் ஒரு வூட்டு வாசல்ல நாலு பொம்பளைங்க செடிலருந்து வேர்க்கடல காய் பறிச்சிகினு இருந்தாங்க. தண்ணி கேட்டோம். அதுல ஒருத்தங்க, லட்சுமம்மா, எந்த ஊருன்னு தெலுங்குல கேட்டாங்க. நகரின்னதும், "எங்க புடவக்காரரு ஊரு! வருஷமா ஆளையே காணோம், மூட்ட தூக்கிகினு வருவாரே"ன்னாங்க. நான் போன்ல நைனா போட்டோவ காட்டினேன். மூணு பேரு ஓடியாந்து பாத்தாங்க. நான் அவரு பொண்ணுன்னும், அவரு இல்லன்னும் சொன்னேன். லட்சுமம்மா கைல இருந்த செடிய கீழ வெச்சுட்டாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே சிரிச்சாங்க. "அந்த மனுசன் இன்னா பண்ணுவாரு தெரியுமா? புடவைய தன் மேலயே சுத்திகினு, கல்யாண பொண்ணு மாதிரி தலைய குனிஞ்சிகினு இந்த தெருல நடப்பாரு."

"எங்க நைனாவா?"

"வேற யாரு? எங்கிட்ட சொன்னாரு, இந்த புடவைய கட்டுனா உன் மாமியா உன்ன பாத்து எழுந்து நிப்பான்னு. வாங்கினேன். அவ எங்க நின்னா? அடுத்த தபா வந்தப்போ சண்டைக்கு போனேன். 'உன் மாமியாளுக்கு முட்டி வலிம்மா, அதுக்கு என் புடவ இன்னா பண்ணும்'னு கேட்டுட்டு இன்னொரு புடவைய என் தலைல கட்டிட்டு போய்ட்டாரு!"

எல்லாரும் சிரிச்சாங்க. ரேவதிக்கு அரகொறையா புரிஞ்சு அவளும் சிரிச்சா. நானும் சிரிச்சேன், ஆனா உள்ள கோவம் வந்துச்சு. எங்க வூட்டுல தமிழ்ல நாலு வார்த்த பேசுன மனுசன், வெளிய தெலுங்குல இவ்ளோ பேசியிருக்காரு. சிரிப்ப எல்லாம் மூட்டையோட சேத்து வித்துட்டு வந்து எங்களுக்கு வெல்லத்த குடுத்திருக்காரு. அந்த கோவம் அன்னிக்கு பூரா இருந்துச்சு. இப்போ இல்ல. வாயி வலிக்க பேசிட்டு வந்தா வூட்டுல இன்னாத்த பேசுவாரு.

கடசி பஸ் போயிட்டதால லட்சுமம்மா அவங்க வூட்டுலயே தங்க சொன்னாங்க. நான் சாவு தீட்டு வூட்டுக்காரின்னு சொன்னேன். "புடவக்காரரு பொண்ணுக்கு ஏது தீட்டு, காலு கழுவிட்டு வா"ன்னாங்க. சோறும் பச்ச புளி ரசமும் போட்டாங்க. காலைல எங்க மூணு பையிலயும் வேர்க்கடல ரொம்பி கெடந்துச்சு.

நாலாம் நாளு சித்தூர் வந்து பஸ் மாறினோம். மொகிலி மல ரோட்டுல பஸ் வளஞ்சு வளஞ்சு ஏற ஏற காத்து ஜில்லுனு ஆயிடுச்சு. நகரில அந்த மாசத்துல சட்ட ஒட்டிகினு இருக்கும். இங்க ரேவதி துண்ட போத்திகினா. "ஊட்டிடி!"ன்னு கத்துனா. பஸ்ல இருந்தவங்க திரும்பி பாத்தாங்க. இந்த காத்து நைனா மூஞ்சில எத்தினி தபா அடிச்சிருக்கும்னு நெனச்சிகினு வந்தேன்.

பலமனேர் பஸ் ஸ்டாண்டு. எங்கும் தக்காளி பெட்டி. பெஞ்சுங்க ஒரே வரிசைல அஞ்சு இருந்துச்சு. எதுல குந்தினாருன்னு தெரியாது. அதனால அஞ்சுலயும் கொஞ்ச நேரம் குந்தினேன். மோனிஷாவும் ரேவதியும் ஒன்னும் கேக்காம கூடவே மாறி மாறி குந்தினாளுங்க.

அப்பால கேட்டோம். டீக்கடைக்காரரு, "போன வருஷமா? நான் இந்த தை மாசம்தான் கட வெச்சேன்"ன்னாரு. பூக்காரம்மாவுக்கு ஒரு ஆளு சாஞ்சது ஞாபகம் கீது, தூக்கிகினு போனது ஞாபகம் கீது, தண்ணி குடுத்தது தெரியாது. கடசி பெஞ்சாண்ட ஒரு அக்கா மண்பானைல மோரு வித்துகினு இருந்தாங்க. நாப்பது வயசு இருக்கும். போட்டோவ காட்டினேன். ஒரு தபாதான் பாத்தாங்க.

"தெலீது. நான் பாக்கல"ன்னு தெலுங்குல சொல்லிட்டு கழுவுன கிளாசையே திரும்ப கழுவ ஆரம்பிச்சாங்க.

அவ்ளோதான். திரும்பி போற பஸ்ல ஏறி குந்தினோம். இஞ்சின் ஓடிகினு இருந்துச்சு, அந்த சத்தத்துக்கு மேல எங்க தொண்ட. ரேவதி, "எவனாவது குடுத்திருப்பான் உடுடி"ன்னா.

நான் கத்திட்டேன். "எவன் குடுத்தான்? ஒருத்தரும் குடுக்கல! எங்க அத்த சொன்னதுதான் நெசம்! இவ்ளோ பேரு கீற பஸ் ஸ்டாண்டுல எங்க நைனா ஒரு வாய் தண்ணிக்கு வழியில்லாம செத்தாருடி!"

பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டிருக்கும். அடுத்த நிமிஷம் என் ஜன்னல் கம்பிய ஒரு கை புடிச்சுச்சு. ஈரக்கை. மோருக்கார அக்கா.

"கீழ எறங்கு பாப்பா"ன்னாங்க. தமிழ்லயே சொன்னாங்க.

நான் எறங்குனேன், பின்னாடியே ரேவதியும். கம்பிய உடாமலே பேசுனாங்க. பாதி தமிழு, பாதி தெலுங்கு.

"நான்தான் குடுத்தேன். உங்க நைனா வேர்த்து ஊத்தி நெஞ்ச புடிச்சிகினு குந்தியிருந்தாரு. பானைலருந்து மோரு ஊத்தி நானே வாயில வெச்சேன். குடிச்சாரு. கொஞ்ச நேரத்துல சாஞ்சிட்டாரு. பக்கத்துல இருந்த ஒருத்தன் சொன்னான், நெஞ்சு வலிக்காரனுக்கு ஜில்லுனு குடுப்பியா, நீதான் கொன்னுட்டேன்னு. பானைய தூக்கிகினு ஓடிட்டேன் பாப்பா. பத்து நாளு கட போடல. நீ போட்டோ காட்டினதும் கேசு போட வந்துட்டீங்கன்னு நெனச்சேன். என்ன ஒன்னும் பண்ணிடாத. எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

பதினோரு மாசமா நான் தேடிகினு இருந்தத இந்தக்கா பதினோரு மாசமா ஒளிச்சு வெச்சிருந்திருக்காங்க. அவங்க கைய புடிச்சிகினேன். தயிர் வாசன. "அக்கா, உங்களால சாவல. ரெண்டு நாளாவே வலி இருந்திருக்கும், அவரு வெளிய சொல்லலன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நீங்க குடுத்தீங்களே, அதுக்கு நாங்க உங்க காலுல உழணும்"ன்னேன்.

கண்டக்டரு விசில் ஊதினாரு. மோனிஷா மூணு பையையும் ஜன்னல் வழியா ரேவதிகிட்ட குடுத்துட்டு தானும் எறங்கிட்டா. பஸ் போயிடுச்சு. பைலருந்து கொட்டுன வேர்க்கடல ரோடு பூரா.

"எவ்ளோ குடிச்சாருக்கா?"

"ரெண்டு வாய். மூணாவதுக்கு போதும்னு கைய காட்டினாரு."

நான் அங்கயே நின்னு அத்தைக்கு போன் பண்ணேன். ஸ்பீக்கர்ல போட்டேன். "அத்த, பலமனேர்ல கீறேன். நைனாவுக்கு மோரு குடுத்திருக்காங்க. அவங்க கையாலயே. ஒரு வாய் இல்ல அத்த, ரெண்டு வாய். குடுத்தவங்க பக்கத்துலதான் கீறாங்க."

கட்டாயிடுச்சோன்னு போன பாத்தேன். ஓடிகினுதான் இருந்துச்சு. மூக்க சிந்துற சத்தம் கேட்டுச்சு.

"உப்பு போட்டு குடுத்தாளா கேளு"ன்னுச்சு.

நான் கேக்கறதுக்குள்ள மோருக்கார அக்காவே போன்கிட்ட குனிஞ்சாங்க. முந்தானைல மூஞ்ச தொடச்சிகினு, கொஞ்சம் கோவமாவே சொன்னாங்க.

"உப்பு போடாம எவம்மா மோரு விப்பா?"